மெயில் ஐடி இருக்கிறது, திறக்கத்தான் தெரியவில்லை: புதியவர்களுக்கு எதை முதலில் சொல்லித்தருவது?

நூலகத்தோழி

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி வகுப்பு எடுக்கிறேன். மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர்கள், தையல் வேலை செய்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். மெயில் ஐடி இருக்கிறதா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் தலையாட்டுவார்கள். திறந்து காட்டச் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும்.

காரணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். போன் வாங்கிய அன்று கடையில் இருந்த பையன் ஒரு ஐடி போட்டுக் கொடுத்திருப்பான். பான் கார்டுக்கு விண்ணப்பித்தபோது இ-சேவை மையத்தில் இன்னொன்று. ஊருக்கு வந்த மருமகன் மூன்றாவதாக ஒன்று. எதற்கு எந்த பாஸ்வேர்டு, எந்த ஐடிக்கு யாருடைய செல் எண் கொடுக்கப்பட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஐடி அவர்கள் பெயரில் இருக்கிறது, சாவி வேறு யாரிடமோ இருக்கிறது.

கையில் கிடைக்கிற பாடக் குறிப்புகளெல்லாம் "மின்னஞ்சல் என்றால் என்ன, அதன் நன்மைகள் யாவை" என்று ஆரம்பித்து, நேராக டூ, சிசி, பிசிசி என்ற முகவரி வரிகளுக்குப் போய்விடுகின்றன. 1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர்தான் பெயருக்கும் கணினிக்கும் நடுவே @ குறியை வைத்து முதன்முதலில் வலையமைப்பு வழியாக மின்னஞ்சல் அனுப்பினார் என்பதெல்லாம் எனக்குப் பிடித்த செய்திகள்தான். ஆனால் முதல் வகுப்பில் அது யாருக்கும் உதவவில்லை. முதல் பாடம் இந்தக் கணக்கு என்னுடையதுதானா என்று பார்ப்பது. மீட்பு எண்ணை, அதாவது பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் செல் எண்ணை, தன் எண்ணாக மாற்றுவது. பாஸ்வேர்டைத் தானே வைப்பது. சொற்களெல்லாம் அதற்கு அப்புறம், ஒவ்வொரு வேலை வரும்போதும் தானாக வந்து சேரட்டும் என்பது என் கருத்து.

நீங்கள் எப்படிச் சொல்லித்தருகிறீர்கள்? கற்றுக்கொண்டவர்களும் எழுதுங்கள், எது புரியவில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நெல்லை_பிரவுசிங்

அக்கா, நான் பிரவுசிங் சென்டர் நடத்துபவன். நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. அது ஏன் நடக்கிறது என்று கடைப்பக்கமிருந்து சொல்கிறேன்.

விண்ணப்பத்தின் கடைசி நாள், சாயங்காலம் வருவார்கள். மெயில் ஐடி கட்டாயம் என்று திரையில் நிற்கும். போனில் சார்ஜ் இருக்காது, அல்லது போன் வீட்டில் இருக்கும். ஓடிபி வந்தால்தான் அடுத்த பக்கம் திறக்கும். வரிசையில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். பல கடைகளில் அந்த நேரத்தில் கடைக்காரரின் எண்ணையே போட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். ஹால் டிக்கெட் வரும் நாளில்தான் வினை. டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். அதில் கொடுத்த மெயில் ஐடி அத்தனை வருடமும் கையில் இருக்க வேண்டும் இல்லையா?

என் கடையில் இப்போது வாடிக்கையாளர் தன் போனோடு வந்தால்தான் ஐடி போடுவேன். பாஸ்வேர்டை அவர்களே தட்டச்சு செய்ய வேண்டும், நான் திரும்பிக்கொள்வேன். ஐடியை அவர்கள் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்வேன். அப்படி எழுதும்போது சிக்குகிற இடங்கள் இவை:

மெயில் ஐடியில் இடைவெளி வராது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் பாஸ்வேர்டில் கட்டாயம் பார்க்க வேண்டும். பூஜ்யத்தையும் 'ஓ' எழுத்தையும் பிரித்து எழுத வேண்டும், பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் போதும். அடிக்கோடு வேறு, நடுக்கோடு வேறு. ஜிமெயிலில் பெயருக்கு நடுவே வரும் புள்ளியை விட்டாலும் வைத்தாலும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். மற்ற நிறுவனங்களில் அப்படி இருக்கும் என்று நம்பி எழுதக்கூடாது.

பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் மேலே இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். மூடினாலும் கணக்கு திறந்தேதான் இருக்கும். சைன் அவுட் செய்ய வேண்டும். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். இன்னொன்று, டவுன்லோடு ஃபோல்டர். மெயிலில் வந்த ஆதார், மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் அங்கேதான் விழுந்து கிடக்கும். பிரிண்ட் எடுத்த கையோடு அதை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னிலிருந்தும் நீக்கிவிட்டுப் போங்கள். அடுத்து உட்காருபவர் யாரென்று நமக்குத் தெரியாது.

அம்சவேணி62

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர். இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன, சின்னதாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டிக் விழுகிறது, படித்தால் நீலமாகிறது. மெயிலில் நான் அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓய்வூதியம் சம்பந்தமாக ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன், இன்றுவரை பதில் இல்லை.

அடுத்தது, மகள் அனுப்பிய மருத்துவ அறிக்கையை டாக்டருக்கு அனுப்ப வேண்டும். ரிப்ளை, ரிப்ளை ஆல், ஃபார்வர்டு என்று மூன்று இருக்கிறது. எது?

செல்வி_டீச்சர்

அம்சவேணி அம்மா, இவை சின்ன சந்தேகங்களே இல்லை. வகுப்பில் எல்லாரும் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருப்பது இவற்றைத்தான்.

முதல் கேள்விக்கு: சாதாரண மெயிலில் டிக் கிடையாது. எதிராளி படித்தாரா என்று நமக்குத் தெரியாது. 'சென்ட்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். உங்கள் கடிதம் அங்கே இருந்தால், உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது என்று அர்த்தம். 'டிராஃப்ட்' பகுதியில் இருந்தால் எழுதியது பாதியில் நிற்கிறது, அனுப்பவே இல்லை. 'அவுட்பாக்ஸ்' பகுதியில் இருந்தால் இணையம் கிடைக்காமல் காத்திருக்கிறது. முகவரியில் பிழை இருந்து அப்படி ஒரு ஐடியே உலகத்தில் இல்லையென்றால், கொஞ்ச நேரத்தில் 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு மெயில் திரும்பி வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வைரஸ் அல்ல. உங்கள் கடிதம் சேரவில்லை என்று சொல்கிற தானியங்கிப் பதில் அது. முகவரியை ஒரு முறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து மறுபடி அனுப்புங்கள்.

ஆபத்து எங்கே என்றால், பிழையோடு எழுதிய முகவரி வேறொருவருடையதாக இருந்துவிட்டால் எதுவும் திரும்பி வராது. யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போய்விடும். அதனால்தான் ஆதார் நகல், வங்கி விவரம் அனுப்பும்போது முதலில் ஒரு வரி மட்டும் அனுப்பி, பதில் வந்த பிறகு மற்றதை அனுப்பச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு: ஃபார்வர்டு. ரிப்ளை கொடுத்தால் மகளுக்கே திரும்பிப் போகும்; அவள் அனுப்பிய கோப்பும் கூட வராது, உங்கள் எழுத்து மட்டும்தான் போகும். ஃபார்வர்டில்தான் இணைத்த கோப்பும் சேர்ந்து போகும். ஆனால் மகள் அதில் எழுதியிருக்கும் வீட்டுச் செய்தியும் அப்படியே டாக்டருக்குப் போய்ச் சேரும். அனுப்பும் முன் கீழே இறங்கிப் பார்த்து, தேவையில்லாததை அழித்துவிடுங்கள்.

ரிப்ளை ஆல் என்பது அந்தக் கடிதத்தில் இருக்கும் எல்லாருக்கும் பதில் போவது. எங்கள் பள்ளியில் சுற்றறிக்கை வந்தால், "எனக்கு அன்று விடுப்பு வேண்டும்" என்று தலைமையாசிரியருக்கு மட்டும் போக வேண்டிய பதில் ஒன்றியத்தில் உள்ள எல்லா ஆசிரியர்களுக்கும் போய் விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

சிசி, பிசிசி இரண்டையும் பெற்றோருக்கு மெயில் போடும்போதுதான் சொல்லித்தருவேன். சிசி, கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்த காலத்துப் பெயர்; இவருக்கும் ஒரு நகல் என்று எல்லாருக்கும் தெரியும்படி வைப்பது. பிசிசியில் நாம் சேர்க்கும் ஒருவரின் முகவரி மற்றவர்கள் கண்ணில் படாது. நாற்பது பெற்றோருக்கு ஒரே செய்தி என்றால் பிசிசியில் போட வேண்டும். ஒருவருடைய முகவரியை அவரைக் கேட்காமல் மற்றவர்கள் கையில் கொடுக்க நமக்கு என்ன உரிமை?

கோவை_தறி

கணினி, கணினி என்றே பேசுகிறீர்கள். எங்கள் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் யாரும் கணினி முன்னால் உட்காரப் போவதில்லை. எல்லாம் போன்தான். ஜிமெயில் செயலியை மட்டும் சொல்லித்தந்தால் போதாதா? மவுஸ் பிடிக்கப் பழகுவதிலேயே ஒரு மாதம் போய்விடுகிறது.

நூலகத்தோழி

தம்பி, தொடங்குவதற்குப் போன் போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஓடிபியும் அதிலேதான் வரும். ஆனால் போனில் ஒரு சிரமம் இருக்கிறது. அங்கே சொல்லே கிடையாது, எல்லாம் படம். பென்சில் என்றால் புதிதாக எழுது, காகித கிளிப் என்றால் கோப்பை இணை, காகித விமானம் என்றால் அனுப்பு. சிசியும் பிசிசியும் டூ வரியின் ஓரத்தில் இருக்கும் சின்ன அம்புக்குள் ஒளிந்திருக்கும், தொட்டால்தான் வெளியே வரும். அதனால் நான் ஒரு பெரிய தாளில் படத்தை வரைந்து பக்கத்தில் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். பேச்சில் வருகிற பெயரும் கண்ணில் படுகிற படமும் ஒன்றுதான் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடுகிறது.

கணினி எதற்கு வேண்டும் என்றால், கோப்பு எங்கே இருக்கிறது என்பது புரிவதற்கு. போனில் மட்டும் பழகியவரிடம் "இந்த பிடிஎஃப்பைச் சேமித்து, அந்தப் படிவத்தில் ஏற்றுங்கள்" என்றால் கை நின்றுவிடுகிறது.

ஹெச்ஆர்_மேசை

வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படிப்பது என் அன்றாட வேலை. திறமையான பிள்ளைகள் மெயில் எழுதத் தெரியாததாலேயே கவனிக்கப்படாமல் போவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பாதி மெயில்களில் பொருள் வரி காலியாக இருக்கும். கடிதமும் காலி. 'ஸ்கேன்0001' என்று ஒரு கோப்பு மட்டும் தொங்கும். ஒரு நாளைக்கு வரும் நூற்றுக்கணக்கானவற்றில் அதை யார் திறப்பார்கள்? பலர் நம்பாமலே திறக்காமல் விடுவார்கள், காலி மெயிலில் வரும் கோப்பு என்றால் சந்தேகம் வருவது இயல்புதானே.

பொருள் வரியில் என்ன விஷயம், யார் என்ற இரண்டும் வந்துவிட வேண்டும். கோப்புக்கும் உங்கள் பெயரை வையுங்கள். கடிதம் இப்படி இருந்தால் போதும்:

பொருள்: கணக்காளர் பணிக்கு விண்ணப்பம் – (உங்கள் பெயர்)

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தில் கணக்காளர் பணியிடம் காலியாக உள்ளதாக நாளிதழ் விளம்பரத்தில் பார்த்தேன். நான் பி.காம். முடித்து, ஒரு மளிகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதி வருகிறேன். டேலி தெரியும். என் சுயவிவரத்தையும் மதிப்பெண் சான்றிதழையும் இத்துடன் இணைத்துள்ளேன். நேர்முகத் தேர்வுக்கு எந்த நாளிலும் வர இயலும்.

நன்றி.
பெயர், ஊர், செல் எண்

அவ்வளவுதான். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். புரியாத ஆங்கிலக் கடிதத்தை எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

எழுதும் வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதலில் கோப்பை இணையுங்கள், பிறகு கடிதத்தை எழுதுங்கள், டூ வரியில் முகவரியைக் கடைசியில் போடுங்கள். முகவரி இல்லாவிட்டால் கை தவறி அழுத்தினாலும் மெயில் போகாது.

ஜிமெயிலில் ஒரு மெயிலோடு 25 எம்பி வரைதான் கோப்பு இணைக்க முடியும். அதற்கு மேல் போனால் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பாக அனுப்பும். பெறுபவருக்குத் திறக்கும் அனுமதி கொடுத்தீர்களா என்று பார்க்காவிட்டால், நாங்கள் அதைத் திறக்க உங்களிடம் அனுமதி கேட்டு நிற்போம். மதிப்பெண் பட்டியலுக்கு அவ்வளவு பெரிய கோப்பே தேவையில்லை, ஸ்கேன் செய்யும்போதே பிடிஎஃப்பாக, அளவாக எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

ஐடியை முடிந்தவரை பெயர், தலைப்பெழுத்து, தேவையானால் ஓர் எண் என்று வையுங்கள். நடிகர் பெயரும் செல்லப் பெயரும் வீட்டோடு இருக்கட்டும்.

செல்வி_டீச்சர்

தமிழில் எழுதுவது பற்றி ஒன்று சேர்க்கிறேன். டிடிபி கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கி, அதை நகலெடுத்து மெயிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் வந்து விழும். கணினி கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். கெடவில்லை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து தெரிந்துவிடுகிறது. எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், அல்லது பிடிஎஃப்பாக வாங்கி இணைத்து அனுப்புங்கள். போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டு மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே யூனிகோடில் எழுதிக் கொடுக்கும். எழுத்து கூட்டுவதற்குச் சிரமப்படும் பெரியவர்கள் இதில் ஒரே நாளில் கடிதம் எழுதிவிடுகிறார்கள். பிழை திருத்த மட்டும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது.

ஓய்வு_கேஷியர்

வங்கியில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஏமாற்று மெயில்கள் பற்றி எழுதுகிறேன். அதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் கட்சி. பணம் போன பிறகு பாடம் எதற்கு?

மெயிலில் தெரியும் பெயர் வேறு, முகவரி வேறு. பெயர் என்ற இடத்தில் யார் வேண்டுமானாலும் வங்கியின் பெயரை எழுதிக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் முழு முகவரி விரியும், @ குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மத்திய, மாநில அரசு அலுவலக முகவரிகள் பெரும்பாலும் 'கவ் டாட் இன்' அல்லது 'நிக் டாட் இன்' என்று முடியும். வருமான வரி பணம் திரும்பத் தருகிறோம் என்று ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் அது பொய். அதே சமயம் சரியான முகவரி தெரிகிறது என்பதற்காகவே கேட்டதையெல்லாம் கொடுத்துவிடவும் கூடாது. ஓடிபி, பின் எண், பாஸ்வேர்டு இவற்றை எந்த வங்கியும் மெயிலில் கேட்காது. "இன்றிரவுக்குள் கேஒய்சி செய்யாவிட்டால் கணக்கு முடக்கப்படும்" என்று வந்தால் அந்த இணைப்பைத் தொடாமல், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளைக்கு நடந்து போங்கள்.

பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. மெயிலில் வரும் சில பிடிஎஃப்கள் பாஸ்வேர்டு கேட்கும். உடனே தங்கள் மெயில் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். அது வேறு, இது வேறு. உதாரணமாக மெயிலில் வரும் இ-பான் கோப்புக்குப் பிறந்த தேதிதான் பாஸ்வேர்டு: நாள், மாதம், வருடம் என்று நடுவில் எதுவுமில்லாமல் எட்டு இலக்கம். என்ன போட வேண்டும் என்பதை அந்த மெயிலிலேயே எழுதியிருப்பார்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நடுவழியில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

நூலகத்தோழி

ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும்: சந்தேகமான மெயில்களை ஜிமெயில் தானாக ஒதுக்கி வைக்கும் ஸ்பேம் பகுதியைப் பயத்தில் திறக்காமலே இருந்துவிடுகிறார்கள். நேர்முகத் தேர்வு அழைப்பும் பதிவு உறுதிப்படுத்தும் மெயிலும் சில சமயம் அங்கேதான் போய் விழும். ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போனது 30 நாளில் தானாக அழிந்துவிடும். வாரம் ஒரு முறையாவது எட்டிப் பார்த்து, நல்லது இருந்தால் 'நாட் ஸ்பேம்' கொடுத்து எடுத்துவிடுங்கள். எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாட்களில் தினமும் பாருங்கள்.

அம்சவேணி62

எல்லாருக்கும் மிக்க நன்றி. சென்ட் பகுதியைத் திறந்து பார்த்தேன். ஓய்வூதியக் கடிதம் டிராஃப்டில் கிடந்தது. இப்போது பொருள் வரியும் எழுதி அனுப்பிவிட்டேன். டாக்டருக்கும் ஃபார்வர்டு செய்தாயிற்று, அவரிடமிருந்து பதிலும் வந்தது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். 'ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது' என்று மேலே சிவப்பாக வருகிறது. நான் மெயிலே அதிகம் அனுப்புவதில்லையே?

நெல்லை_பிரவுசிங்

அம்மா, அது மெயிலால் இருக்காது, புகைப்படங்களால்தான் இருக்கும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். போனில் எடுக்கும் படமும் வீடியோவும் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். நிறைந்த பிறகு அப்படியே விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு வரும் மெயில்கள் நின்றுவிடும். ஓய்வூதிய அலுவலகம் பதில் போட்டாலும் உங்களுக்கு வந்து சேராது. முதலில் போட்டோஸில் பெரிய வீடியோக்களைப் பாருங்கள், பேரப்பிள்ளைகளின் வீடியோவாக இருந்தால் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் அழியுங்கள். அழித்தது டிராஷ் பகுதியில் கிடக்கும், அதையும் காலி செய்தால்தான் இடம் உடனே கிடைக்கும்.

பழைய ஐடி வைத்திருக்கிறவர்களுக்கும் ஒரு செய்தி. 2 ஆண்டுகள் தொடர்ந்து திறக்காத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். விண்ணப்பத்தில் கொடுத்த ஐடி எதுவாக இருந்தாலும் அவ்வப்போது உள்ளே போய் வாருங்கள். பாஸ்வேர்டு மறந்தவர்கள் புதுக் கணினியில் முயற்சி செய்யாமல், வழக்கமாக அந்த ஐடி திறந்த அதே போனிலோ கணினியிலோ, வழக்கமான இடத்திலிருந்து முயற்சி செய்தால் மீட்க வாய்ப்பு அதிகம்.

கோவை_தறி

அக்கா, அந்தப் படம் போட்ட தாளை இங்கே பதிவேற்ற முடியுமா? எங்கள் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் நானே ஆரம்பித்துப் பார்க்கிறேன். அனுப்பிய மெயிலைத் திரும்ப எடுக்க முடியுமா என்றும் பையன்கள் கேட்கிறார்கள்.

நூலகத்தோழி

நாளை நூலகம் போனதும் படமெடுத்துப் போடுகிறேன் தம்பி.

அனுப்பியதும் கீழே 'அன்டூ' என்று சில நொடிகள் தெரியும், அதற்குள் தொட்டால் மெயில் போகாமல் டிராஃப்டாகத் திரும்பிவிடும். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸில் போய் அந்த நேரத்தை 30 நொடி வரை கூட்டி வைக்கலாம், கீழே இறங்கி 'சேவ்' கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போனது போனதுதான், திரும்ப எடுக்க வழியில்லை.